தாளம் ஒலிக்காத ஓர் இடம்

நந்தியின் இரு கொம்புகளுக்கு நடுவே கண் வைத்துப் பார்ப்போர்க்குத் தன்னைக் காட்டியருளும் பெருமானை முதற்கண் வணங்குகிறேன். என் எழுத்தில் குறை இருந்தால் அவன் பொறுப்பான் என்னும் துணிவில் இதனைத் தொடங்குகிறேன்.

அன்று கார்த்திகைச் சோமவாரம். அந்தி வேளையில் பிரதோஷமும் கூடி வந்திருந்தது. ஈசனை வழிபடுவோர்க்கு இதனினும் சிறந்த நாள் அரிது. சில ஆண்டுகளுக்கு முன், திருப்பூர் அனுப்பர்பாளையம் பகுதியில், எங்கள் வீதிமுனையிலுள்ள சிறிய சிவாலயத்தில் நிகழ்ந்ததை இங்கே சொல்கிறேன். எத்தனையோ பிரதோஷங்கள் வந்து போயின. அந்த ஒன்று மட்டும் என்னை விட்டுப் போகவில்லை.

நான் பனியன் கம்பெனி ஒன்றில் நெடுங்காலம் துணி பரிசோதிக்கும் பொறுப்பில் இருந்து ஓய்வு பெற்றவன். ஓய்வுக்குப் பின் எனக்கும் என் மனைவிக்கும் கோயிலும் பதிகங்களுமே பொழுது. அவளும் நானும் சேர்ந்துதான் பாடுவோம். அவளுக்குக் குரல்வளம் உண்டு. தாளமும் அவள் கையில்தான். எங்கள் ஊர்ப் பட்டறையில் சொல்லி வார்த்து வாங்கிய வெண்கலக் கைத்தாளம் அது. சிறியதுதான், ஆனால் ஒலி கோபுர வாசல் வரை போகும்.

இங்கே ஒரு வழக்கத்தைச் சொல்லியாக வேண்டும். என் தலைமுறைப் பெண்களில் பலர் கணவன் பெயரை வாயால் சொல்ல மாட்டார்கள். ரேஷன் கடையில் கேட்டால்கூடப் பக்கத்தில் நிற்பவரைப் பார்த்து, "நீங்க சொல்லுங்க கண்ணு" என்பார்கள். என் பெற்றோர் எனக்கு இட்டதோ ஈசனின் திருநாமங்களில் ஒன்று. பதிகங்களில் அது அடிக்கடி வரும். அந்த இடம் வந்ததும் என் மனைவி வாயை மூடிக்கொள்வாள். இசை அறுந்துவிடக்கூடாதே என்று தாளத்தை மட்டும் ஒருமுறை அழுத்தித் தட்டுவாள். அந்தச் சொல்லை நான் ஒருவனே பாடுவேன். அடுத்த சொல்லில் மீண்டும் வந்து சேர்ந்துகொள்வாள். திருமணமான நாள் முதல் இப்படித்தான்.

கோயிலில் பதிகம் பாடும் எங்கள் குழுவில் ஓர் அம்மையார் உண்டு. பனியனுக்குப் பிசிறு வெட்டும் வேலையை வீட்டிலேயே எடுத்துச் செய்பவர், வாய் ஓயாதவர். அவர் இதைச் சொல்லிக் கேலி செய்யாத நாளில்லை.

"சாமி பேர வாயில சொல்லாமயே சாமி கும்புடற ஒரே ஆளு எங்கக்காதானுங்க. ஏனுங்கக்கா, சாமி கோவிச்சுக்காதா?"

"ரெண்டு பேருமே கோவிச்சுக்க மாட்டாங்க கண்ணு" என்பாள் என் மனைவி, என்னைப் பாராமலே.

அன்று அவள் காலை முதல் விரதம். ஒரு வாய் நீரும் அருந்தவில்லை. முகத்தில் சோர்வு இருந்தது. விரத நாளில் அது இயல்புதானே என்றிருந்தேன். நந்திக்கு அபிடேகம் முடிந்தது. அலங்காரத்துக்காகத் திரை போட்டார்கள். திரை விலகும் வரை பாடுவது எங்கள் வழக்கம். இரண்டு பதிகங்கள் நன்றாகவே போயின. மூன்றாவதில் அவள் குரல் தடித்தது. சொற்களின் ஓரங்கள் கரைந்து ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டன. கண்களில் நீர் நிறைந்திருந்தது. அவள் பாடும்போது அழுவது புதிதல்ல.

பின்னால் அமர்ந்திருந்தவர்கள் மெல்ல அடங்கினார்கள். பிசிறு வெட்டும் அம்மையார் தம் பக்கத்தில் இருந்தவரிடம், "அக்காளுக்கு இன்னிக்கு அருளு உள்ள எறங்கிருச்சுங்க" என்று கிசுகிசுத்துக் கைகூப்பினார். நானும் கண்களை மூடிக்கொண்டேன். உண்மையைச் சொன்னால், என் உள்ளம் நிறைந்திருந்தது. நாத் தழுதழுத்து, சொல் குழறி, கண்ணீர் பெருகி நிற்பதே அன்பின் முதிர்ச்சி என்று கேட்டு வளர்ந்தவர்கள் நாங்கள். ஆகவே நாக்குழறியபோது அதனை நோய் என்று நினைக்கும் பழக்கமே எங்களுக்கு இல்லை. வேறோர் இடத்தில், ஒரு கடையிலோ கல்யாண வீட்டிலோ அவள் அப்படிக் குழறியிருந்தால் அக்கணமே பதறியிருப்போம். சந்நிதியில் நிகழ்ந்ததால் கைகூப்பிக்கொண்டிருந்தோம்.

அப்போது என் பெயர் வரும் அடி வந்தது. அவள் நிறுத்தினாள். நான் அந்தச் சொல்லைப் பாடினேன். தாளம் ஒலிக்கவில்லை.

அவளுக்கு உருக்கத்தில் சொல் தவறியதுண்டு. அடி மாறியதும் உண்டு. அந்த இடத்தில் தாளம் தவறியதே இல்லை. கண் திறந்து பார்த்தேன். அவள் வலக்கை மடியில் கிடந்தது. தாளத்தின் கயிறு விரலில் சுற்றியபடி இருக்க, வெண்கலக் கிண்ணம் சேலை மடிப்பில் சரிந்து கிடந்தது. அவளோ தட்டிவிட்டதாகவே எண்ணிக்கொண்டு, நான் ஏன் அடுத்த அடியை எடுக்கவில்லை என்பதுபோல என்னைப் பார்த்தாள். வாயின் வலப்புறம் கீழே இறங்கியிருந்தது.

"அம்மிணி!" என்றேன். "கையத் தூக்கு பாக்கலாம்."

இடக்கை எழுந்தது. வலக்கை எழவில்லை.

"ஐயா, தொந்தரவு பண்ணாதீங்க. அருளு வந்திருக்குது" என்றார் அந்த அம்மையார்.

"இல்லீங்க. கை வரல. வாயப் பாருங்க."

அவர் எட்டிப் பார்த்தார். கூப்பிய கைகள் அப்படியே விலகின. "ஐயோ, ஆமாங்க!"

அதற்குள் ஆளுக்கொரு யோசனை. காற்று வரட்டும் என்றார் ஒருவர். பெரியவர் ஒருவர், "இது வாய்வுதானுங்க. சூடா ஒரு வாய் காப்பி குடுத்துப் படுக்க வையுங்க. பக்கத்தூருல எண்ண போட்டு நீவறவரு இருக்காரு, காலைல கூட்டிட்டுப் போய்க்கலாம்" என்றார். நல்லெண்ணத்தில் சொன்னதுதான். குருக்கள் ஐயாவும் கருவறையிலிருந்து விரைந்து வந்து, தீர்த்தம் மொண்ட உத்தரணிக் கரண்டியை அவள் உதட்டருகே கொண்டுபோனார்.

நான் எங்கள் வீதி மருத்துவரைக் கைப்பேசியில் அழைத்திருந்தேன். அவளுக்கு ரத்த அழுத்த மாத்திரை எழுதிக் கொடுப்பவர் அவர்தான். நான் இரண்டு வாக்கியம் சொல்வதற்குள் குறுக்கிட்டார்.

"ஐயா, எங்கிட்டக் கொண்டு வராதீங்க. இங்க ஸ்கேன் இல்ல. நேரா பெரிய ஆஸ்பத்திரிக்குப் போங்க. வாயில ஒண்ணும் ஊத்தாதீங்க, தண்ணிகூட. முழுங்க முடியாம நுரையீரலுக்குள்ள போயிரும். கைவசம் இருக்கற மாத்திரை எதையும் நீங்களா குடுத்துராதீங்க. இப்பவே கெளம்புங்க."

நான் அதை உரக்கத் திருப்பிச் சொன்னேன். உத்தரணி உதட்டருகே நின்றது. குருக்கள் ஐயா ஒரு கணம்கூடத் தயங்கவில்லை. கையை உயர்த்தி அந்தத் தீர்த்தத்தை அவள் தலையில் தெளித்தார்.

"தலையில பட்டாலும் தீர்த்தம் தீர்த்தந்தான். கெளம்புங்கோ."

நான் திரையைத் திரும்பிப் பார்த்தேன் போலும். பிரதோஷ தீபம் காணாமல் சந்நிதியை விட்டு இறங்கியவன் அல்லன் நான். அவர் என் தோளைத் தொட்டார்.

"தீபத்த நான் பாத்துக்கறேன். அம்மாவ நீங்க பாருங்கோ."

நூற்றெட்டுக்கு யாரோ அழைத்தார்கள். அது கம்பெனிகள் விடும் நேரம். ஆம்புலன்ஸ் பாலத்தைத் தாண்டி நெரிசலில் நிற்பதாகத் தெரிந்தது. கோயில் வாசலில் ஒரு பனியன் கம்பெனி வேன், வேலை முடிந்த பெண்களை ஏற்றிக்கொண்டு ஊர்ந்துகொண்டிருந்தது. அவளை இருவர் தாங்கி வருவதைக் கண்டு ஓட்டுநர் வண்டியை நிறுத்தினார். பேச்சில் தென்மாவட்டத்தவர் என்று தெரிந்தது. கண்ணாடியருகே ஒரு சிறு சிலுவை தொங்கிக்கொண்டிருந்தது.

"என்ன அண்ணாச்சி, அம்மாவுக்கு என்ன செய்யுது?"

"வாய் கோணிருச்சுங்க. ஆஸ்பத்திரிக்குப் போகோணும்."

அவர் மறுகேள்வி கேட்கவில்லை. பின்னால் திரும்பி, "ஏ பிள்ளைகளா, எல்லாரும் எறங்குங்க. வெரசா!" என்றார்.

பகல் முழுவதும் தையல் மெஷினில் குனிந்திருந்த பெண்கள் அவர்கள். ஒருவரும் முகம் சுளிக்கவில்லை. டிபன் பைகளை எடுத்துக்கொண்டு மளமளவென்று இறங்கினார்கள். "நாங்க நடந்து போய்க்கிடுதோம் ஐயா, நீங்க ஏறுங்க" என்றாள் ஒருத்தி. பிசிறு வெட்டும் அம்மையாரும் எங்களோடு ஏறிக்கொண்டார். வட மாநிலப் பெண் ஒருத்தி மட்டும் இறங்காமல் பின்னிருக்கையில் அமர்ந்து, என் மனைவியின் தலையைத் தன் தோளில் வாங்கிக்கொண்டாள். அவள் மொழி எங்களுக்குத் தெரியாது. எங்கள் மொழி அவளுக்குத் தெரியாது. தன் பையிலிருந்த வெள்ளைப் பனியன் துணித் துண்டால் வலக்கடைவாயில் வழிந்ததைத் துடைத்துக்கொண்டே, "மாஜி, மாஜி" என்று மட்டும் சொல்லிக்கொண்டு வந்தாள். அந்தத் துணி ஒவ்வொரு முறை அவள் உதட்டைத் தொடும்போதும் அதில் ஒரு கவனம் இருந்தது. தன் தாயைத் துடைக்கும் கவனம்.

வழியெல்லாம் என் மனைவி தன் இடக்கையால் வலக்கையைத் தூக்கித் தூக்கி மடியில் வைத்தாள். அது நழுவும். மீண்டும் தூக்குவாள். வேறொருவர் கையை எடுத்து வைப்பதுபோல இருந்தது. கயிறு விரலில் சுற்றியே இருந்ததால் வண்டி குலுங்கும்போதெல்லாம் தாளக்கிண்ணம் இருக்கையின் இரும்பில் பட்டுச் சற்றே ஒலித்தது. எத்தனையோ ஆண்டுகள் எனக்கு இன்பம் தந்த அவ்வொலி அன்று நெஞ்சை அறுத்தது.

மருத்துவமனையில் எங்களை எதிர்கொண்டவர் ஓர் இளம் பெண் மருத்துவர். ஒரே பார்வையில் அவளை உள்ளே கொண்டுபோகச் சொல்லிவிட்டு என்னிடம் திரும்பினார்.

"ஐயா, கடைசியா நல்லா இருந்தது எப்ப?"

"நந்திக்கு அபிஷேகம் முடிஞ்சு, அலங்காரத்துக்குத் திரை போட்ட சமயம்ங்க. ரெண்டாவது பதிகம் வரைக்கும் சுத்தமாப் பாடுனாங்க."

"ஐயா, எனக்கு மணியில சொல்லுங்க!"

அந்த நிலையிலும் உடன் வந்த பிசிறு வெட்டும் அம்மையாருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கணக்கிட்டுச் சொன்னேன். மருத்துவரின் முகம் தெளிந்தது. நேரத்தோடு வந்திருக்கிறீர்கள் என்றார். மூளைக்குப் போகும் குழாயில் ரத்தம் கட்டி அடைத்திருந்தால் அதனைக் கரைக்க ஓர் ஊசி உண்டாம். நோய்க்குறி தொடங்கிய நாலரை மணி நேரத்துக்குள் அதைப் போட வேண்டும். அதற்குள்ளும் எவ்வளவு முந்துகிறோமோ அவ்வளவு நன்மை. குழாய் வெடித்துக் கசிந்திருந்தாலோ அந்த ஊசியே கேடாகும். எது என்பதை ஸ்கேன் பார்த்தால்தான் தெரியும். எண்ணெய் நீவிக் காலை வரை காத்திருந்தால் இந்தக் கதவு மூடிப் போயிருக்கும் என்று அப்போது உணர்ந்தேன்.

"பிரஷர் இருநூறத் தாண்டி நிக்குது. மாத்திரை ஒழுங்காப் போடுவாங்களா?"

"தெனமும் போடுவாங்க" என்றேன் உறுதியாக.

பின்னாலிருந்து அந்த அம்மையார் இருமினார். "இல்லீங்கம்மா. அக்கா வெரதத்தன்னிக்குப் போட மாட்டாங்க."

நான் திகைத்துத் திரும்பினேன்.

"ஏனுங்கய்யா, ஒரே ஊட்டுலதான இருக்கறீங்க, இது தெரியாதா உங்களுக்கு? மாத்திரைன்னா தண்ணி குடிக்கோணும். தண்ணி குடிச்சா வெரதம் போச்சு. அதான் அக்கா போட மாட்டாங்க. அக்காளப் பாத்து நானும் போடறதில்லீங்க."

மருத்துவர் எழுதுவதை நிறுத்திவிட்டு அவரைப் பார்த்தார். "மாசத்துல எத்தன நாளுங்க வெரதம்?"

"பிரதோஷம் ரெண்டு, சஷ்டி ரெண்டு, கிருத்திக, அமாவாச, பௌர்ணமி, திங்கக்கெழம, வெள்ளிக்கெழம..."

"அப்ப மாத்திர போடற நாளுன்னு ஏதாச்சும் இருக்குங்களா?"

அந்த அம்மையார் விரல்விட்டு எண்ணத் தொடங்கிப் பாதியில் கையை மடக்கிக்கொண்டார். மருத்துவர் இன்னொன்றும் கேட்டார்: இதற்கு முன் கை மரத்தது, பேச்சுக் குழறியது என ஏதேனும் உண்டா? இரண்டு நாளுக்கு முன் விடியலில் கோலமிடும்போது அவள் விரலிடுக்கிலிருந்து மாவு தானே கொட்டிப் போனது எனக்கு நினைவுக்கு வந்தது. "குளிருல கை மரத்துப் போச்சுங்க" என்றாள். சற்று நேரத்தில் சரியாகிவிட்டது, மறந்தும் போனோம். அது தானே வந்து தானே போனாலும் அதுவே எச்சரிக்கை, அன்றே வந்திருக்க வேண்டும் என்றார் மருத்துவர். என் தொழிலில் துணியில் ஓட்டை விழுமுன் ஒரு மெல்லிய கோடு ஓடும். கண்டவுடன் மெஷினை நிறுத்துவோம். ரத்த அழுத்தமோ பெரும்பாலும் எந்தக் கோடும் காட்டுவதில்லை. அவளுக்கு ஒரு கோடு காட்டியும் அது எங்களுக்கு வாசிக்கத் தெரியாத கோடாக இருந்தது.

பின்னர் அவளைச் சோதித்தார்கள். காலைத் தூக்கச் சொன்னார்கள். கண்ணை மூடச் சொன்னார்கள். மருத்துவர் என்னைச் சுட்டிக் காட்டினார்.

"அம்மா, இவரு யாருங்க? இவரு பேரென்ன?"

அவள் என்னைப் பார்த்தாள். வாய் திறக்கவில்லை.

"பேரு சொல்லுங்கம்மா, பாக்கலாம்."

அவள் பார்வையைத் தாழ்த்திக்கொண்டாள். மருத்துவர் அருகிலிருந்த செவிலியரிடம், பேச்சு முழுதும் இல்லை என்பதுபோல ஏதோ சொல்லத் தொடங்கினார்.

"டாக்டரம்மா" என்றேன். "அத மட்டும் கேக்காதீங்க. அவ சொல்ல மாட்டா. கல்யாணம் ஆனதுலருந்தே சொன்னதில்லீங்க."

மருத்துவர் ஒரு கணம் விழித்தார். மீண்டும் என் மனைவியின் முகத்தருகே குனிந்தார். அவள் தலை, ஆம் என்பதுபோல, மிக மெல்ல அசைந்தது. இறங்கிய உதட்டின் மறுபுறத்தில் ஒரு சிறு நாணம்கூடத் தெரிந்தது. மருத்துவர் தம் கைக்கடிகாரத்தைக் கழற்றிக் காட்டி, "இது என்னங்கம்மா?" என்றார்.

"கடி... கடி..." என்று அவள் போராடினாள். மீதி வரவில்லை.

"அவங்க நம்மளப் புரிஞ்சுக்கறாங்க ஐயா. வார்த்ததான் வெளிய வர்றதுக்கு வழி தேடுது" என்றார் மருத்துவர்.

அத்தனை பெரிய இடியிலும் அவள் அவளாகவே இருந்தாள். வாய் பாதி போய், கை ஒன்று போய், எதிரே நிற்பவர் கட்டாயப்படுத்தியபோதும் எனக்கெனக் காத்த ஒன்றை அவள் விட்டுக்கொடுக்கவில்லை. அழக்கூடாது என்று வந்தவன் அங்கே அழுதுவிட்டேன்.

ஸ்கேனில் அடைப்பு என்று தெரிந்தது. அழுத்தத்தைப் பக்குவமாக இறக்கி, அந்த ஊசியைப் போட்டார்கள். செவிலியர் அவள் விரலிலிருந்த கயிற்றைப் பிரித்துத் தாளத்தை என் கையில் கொடுத்தார். வாசலுக்கு வந்தபோது வேன் அங்கேயே நின்றது. ஓட்டுநரும் அந்தப் பெண்ணும் செய்தி கேட்காமல் போகவில்லை. "அம்மா பொழைச்சுக்கிடுவாக அண்ணாச்சி. நான் வேண்டிக்கிட்டுதான் இருக்கேன்" என்றார் அவர். எந்தத் தெய்வத்திடம் என்று நான் கேட்கவில்லை. கேட்கத் தோன்றவும் இல்லை.

பிழைத்தாள். கால் விரைவில் தேறியது. உடுமலைப்பேட்டையிலிருந்து வந்த மகளின் தோளைப் பற்றி நடந்தாள். சொற்கள்தாம் வரவில்லை. தண்ணீர் வேண்டுமென்றால் டம்ளரைத் தொட்டுக் காட்டுவாள். ஒரு சொல்லைத் தேடி நெற்றி வியர்க்கும். கிடைக்காமல் கண் கலங்கும். நான் எடுத்துக் கொடுத்தால் கோபம் வரும். கொடுக்காமல் காத்திருந்தால் அதைவிடக் கோபம் வரும். பேச்சுப் பயிற்சி தருபவர், "பாட்டு தெரியுமாங்க? பாடிப் பாருங்க. பேச்சு வராதவங்களுக்குக்கூடச் சில சமயம் பாட்டு வரும்" என்றார்.

வீடு திரும்பிய பின் ஓர் அந்திப்பொழுதில் விளக்கேற்றிவிட்டு அவளருகே அமர்ந்து அதே பதிகத்தை எடுத்தேன். தாளம் இல்லை. முதல் அடியை நான் மட்டும் பாடினேன். இரண்டாம் அடியில் ஓர் ஒலி உடன் வந்தது. தேய்ந்திருந்தது; மெய்யெழுத்துகள் பாதி இல்லை; ஆனால் பண் பிசகவில்லை. தண்ணீர் என்னும் சொல் வராத நாவில் பாட்டின் வரி முழுதாக வந்து நின்றது. அவள் கண்கள் அகன்றன. நிறுத்தினால் அறுந்துவிடுமோ என்று அஞ்சித் தொடர்ந்தேன்.

என் பெயர் வரும் இடம் வந்தது. அவள் நிறுத்தவில்லை. பாடினாள். என் பெயரைப் பாடினாள்.

நான் நின்றுவிட்டேன். மகிழ்ந்தேன் என்று நினைக்காதீர்கள், அஞ்சினேன். மருத்துவமனையில் விட்டுக்கொடுக்காத ஒன்றை இப்போது மறந்துவிட்டாளா? நோய் அவளிடமிருந்து இதையும் எடுத்துக்கொண்டதா?

"அம்மிணி, என்ன சொன்னே தெரியுமா?"

அவள் என் முகத்தைப் படித்துவிட்டாள். கோணல் வாயோடு சிரித்தாள். மடியில் கிடந்த வலக்கையை இடக்கையால் தூக்கிக் காட்டினாள். ஒவ்வொரு சொல்லையும் எங்கிருந்தோ சுமந்து கொண்டுவந்து வைத்தாள்.

"தாளம்... இல்லீங்க... எடம்... சும்மா... உட... முடியுங்களா?"

அந்த இடத்தை வெறுமையாக விட அவளால் இயலவில்லை. தட்டக் கை இல்லாததால், இத்தனை ஆண்டுகள் பூட்டி வைத்திருந்ததை எடுத்து அங்கே வைத்தாள். என் பெயரை ஆயிரம் பேர் அழைத்திருக்கிறார்கள். அன்றுதான் எனக்குப் பெயர் இட்டதுபோல இருந்தது. அது இன்ன பெயர் என்று இங்கே எழுத மாட்டேன். அவள் மீண்டும் காத்து வைத்திருப்பதை நான் வெளியே சொல்வது முறையாகாது.

ஆம், மீண்டும் காத்து வைத்திருக்கிறாள். பயிற்சியாலும் இறையருளாலும் வலக்கை ஓரளவு தேறியது. தாளத்தைப் பிடித்துத் தட்டுகிறாள். முன்போலக் கோபுர வாசல் வரை கேட்காது. பக்கத்தில் அமர்ந்திருக்கும் எனக்குக் கேட்கும். என் பெயர் வரும் இடத்தில் வாயை மூடிக்கொள்கிறாள்.

குருக்கள் ஐயா அவளிடம், "மருந்து விரதத்தக் கெடுக்காதும்மா. உடம்ப வச்சுண்டுதானே பாடறேள்" என்று சொன்ன பிறகு, மாத்திரை அட்டை எங்கள் பூசை மாடத்தில் திருநீற்றுச் சம்புடத்தின் அருகே இருக்கிறது. விரதமோ விருந்தோ, காலை தீபம் காட்டியதும் ஒரு மிடறு நீரோடு விழுங்குகிறாள். அதற்குப் பின் தொடங்குகிறது விரதம். ஊறுகாயும் அப்பளமும் வீட்டில் குறைந்தன. எங்கள் குழுவில் ஒரு ரத்த அழுத்தக் கருவி வந்தது. அதன் பொறுப்பாளர் வேறு யாருமல்லர், அந்தப் பிசிறு வெட்டும் அம்மையார்தாம். பிரதோஷத்தன்று வாசலிலேயே மறித்துக்கொள்வார்.

"மாத்திர போட்டீங்களா? நெசமாத்தானுங்களா? எங்க, சிரிங்க பாக்கலாம். ரெண்டு கையும் தூக்குங்க. ஒரு வரி பாடுங்க. செரி, உள்ள போங்க."

சிரிப்போடுதான் செய்கிறோம். ஆயினும் இப்போது எங்களில் எவர் குரல் குழறினாலும் கைகூப்புவதற்கு முன் ஒருமுறை அவர் வாயையும் கையையும் பார்த்துக்கொள்கிறோம். மருத்துவமனையில் கேட்டால் சொல்வதற்கு மணியையும் பார்த்துக்கொள்கிறோம்.

இன்றும் அப்பதிகத்தில் அந்த அடி வரும்போது நான் என் பெயரைப் பாடிவிட்டுக் காத்திருக்கிறேன். அவள் கை எழுந்து அந்தச் சிறிய ஒலி என் செவியில் விழுந்த பிறகே அடுத்த சொல்லை எடுக்கிறேன்; உலகத்தார்க்கு அது தாளம், எனக்கோ அது அவள் இருக்கிறாள் என்னும் செய்தி. இதனைப் படிக்கும் நீங்கள் அனைவரும், உங்கள் இல்லத்தில் உங்களோடு சேர்ந்து ஒலிப்போரும், குருதி சீராக ஓடி, நா தெளிந்து, கை தளராமல், நிறைந்த ஆயுளோடு வாழ அந்தப் பெருமான் அருள்வானாக.